மல்லரை ஆக்கிய எட்வேட் கலகர்

மல்யுத்தம் ஆடியறியாத ஒருவர் மல்லர்க்கு ஆசானாதல் கூடுமோ என ஐயுறுவார்க்கு எட்வேட் கலகரின் வரலாறே தக்க விடை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1887இல் பிறந்த இவர், ஒக்லகோமா விவசாய, இயந்திரவியற் கல்லூரியில் எந்திரவியல் கற்று 1909இற் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த காலை ஓட்டத்திற் புகழ் ஈட்டினாரேயன்றி மற்களம் புகுந்தாரல்லர்.

1916இல் அக்கல்லூரி மல்லர்க்குப் பயிற்சியாளரானபோது, கற்ற எந்திரவியலே அவர்க்குக் கைம்முதலாயிற்று. நெம்புகோலின் தத்துவத்தை மனித உடலின் மூட்டுக்களிற் பொருத்திப் பார்த்தார். நூற்றுக்கணக்கான பிடிகளை ஆராய்ந்து வகுத்துக் கற்பித்தார். மெலியார் வலியாரை வீழ்த்தும் வழி இதனாற் புலனாயிற்று.

ஆயினும் வீரரை எங்ஙனம் பெறுவது? கல்லூரியோ ஸ்டில்வோட்டர் என்னும் சிறுபட்டினத்தில் இருந்தது. அவர்பாற் பயின்றோர் பலர் அயலூர்ப் பாடசாலைகளிற் பயிற்சியாளராய் அமர்ந்து, ஆங்குள்ள கமக்காரர் மைந்தரைப் பழக்கி அவரிடமே அனுப்பலாயினர். அவருடைய வெற்றிகள் யாவற்றினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். பெரி என்னும் ஊரிலிருந்து வந்த ஜக் வான் பெபரும், குஷிங் ஊரினரான பொபி பியர்ஸும் 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் பெற்றனர். 23 பருவங்களில் அவரது அணி 138 போட்டிகளில் வென்று, ஐந்தில் மாத்திரமே தோற்றது.

பிற்காலத்திற் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியது. பிடி காட்டவேண்டிய கைகள் நடுங்கின, பயிற்சியை விட்டாரல்லர். 1939இற் கல்லூரி தன் புதிய அரங்கிற்கு அவர் பெயரையே சூட்டியது. வாழும்போதே அச்சிறப்பைக் காணும் பேறு எத்தனை ஆசிரியர்க்கு வாய்க்கும்? 1940இல் அவரது அணி மீண்டும் தேசிய வாகை சூடியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.