ஒரு கதையில் அடங்காத அண்ணாபாவ் சாத்தே

அர்ஜுன் டாங்ளே தொகுத்து 1992இல் வெளிவந்த 'பாய்சன்ட் பிரெட்' என்னும் ஆங்கிலத் தொகைநூல் வழியாகவே மராத்தி தலித் இலக்கியம் நம்மில் பலரை வந்தடைந்தது. கவிதை, கதை, தன்வரலாறு, கட்டுரை எனப் பலவும் கொண்ட அந்நூலில் அண்ணாபாவ் சாத்தேயை நாம் காண்பது ஒரு கதையின் வாயிலாக. சுடுகாட்டில் பொன் தேடும் பீமாவின் கதை அது. பத்துக்கும் மேற்பட்ட சிறுகதைத் தொகுதிகளும் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களும் எழுதியவரை அந்த ஒரு கதையைக் கொண்டே அளந்துவிடும் பழக்கம் நமது வாசிப்பு வட்டங்களில் படிந்துவிட்டது.

துக்காராம் பாவுராவ் சாத்தே 1920 ஆகஸ்ட் 1 அன்று, இன்றைய சாங்கலி மாவட்டத்தின் வாட்டேகாவ் ஊரில், மாங் சாதியில் பிறந்தார். கயிறு திரிப்பதும் ஹல்கி என்னும் தோற்கருவி இசைப்பதும் அச்சாதியின்மேல் சுமத்தப்பட்ட தொழில்கள். தீண்டாமைக்கு மேல் குற்றப்பரம்பரைச் சட்டமும் அவர்களை அழுத்தியது. குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலேயே, பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்த சட்டம் அது. 1871இல் வந்தது, நாடு முழுமைக்குமாக நீங்க 1952 ஆயிற்று.

அவர் பள்ளிக்குச் சென்றது ஒன்றரை நாள் மட்டுமே என்பர். 1930களின் தொடக்கத்தில் வறுமை துரத்த, குடும்பத்தோடு நடந்தே பம்பாய் சேர்ந்தார். சுமை தூக்கினார், ஆலையில் உழைத்தார். கடைப் பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் பார்த்து எழுத்துக் கற்றார். காட்கோபரின் சிராக் நகர் குடிசைப் பகுதியில் பல்லாண்டு வாழ்ந்தார். 'சிராக் நகரின் பேய்கள்' என்று பொருள்படும் தலைப்பில் பின்னாளில் ஒரு தொகுதியே எழுதினார்.

கம்யூனிஸ்ட் இயக்கம் அவருக்கு மேடை தந்தது. 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். தமாஷா என்னும் நாட்டார் கூத்தைத் தொழிலாளரின் அரசியல் நாடகமாக மாற்றியதில் அவர் பங்கு பெரிது. ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில் அவருடைய லாவணி ஊரெங்கும் ஒலித்தது. 1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்துப் பேசியபோது, உலகைத் தாங்கும் ஆதிசேடனின் கதையைத் தலைகீழாக்கி, அந்தச் சுமையைத் தலித்துகளின், உழைப்பாளிகளின் கைகளில் வைத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஃபகீரா' நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குப் படைத்தார். ஆனாலும் இடதுசாரிகள் அவரைத் தொழிலாளர் கலைஞர் என்றும், பிறர் தலித் எழுத்தாளர் என்றும் கூறுபோட்டே பேசிவந்தனர். இந்தக் கூறுபோடல் தேவையற்றது என்பதே என் துணிபு. அவர் கதைகளில் கூலியும் சாதியும் பிரிந்து நிற்கும் இடமே அரிது.

பீமாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பிழைக்க வழியின்றிப் பம்பாய் வந்த வலிய உடலினன். கல்குவாரியில் வேலை கிடைக்கிறது; குவாரி மூடப்படுகிறது. வெறுங்கையோடு திரும்புகையில் சுடுகாட்டுச் சாம்பலில் பொன் மின்னுகிறது. சாம்பலை அரித்துத் தொடங்கியவன், பின்னர்ப் புதைகுழிகளைத் தோண்டுகிறான். ஓர் இரவு நரிகளோடு போரிட்டுப் பிணத்தின் வாயைத் திறக்கையில் விரல்கள் பற்களுக்கிடையே சிக்கிக்கொள்கின்றன. இரண்டு விரல்களை இழக்கிறான். குவாரி மீண்டும் திறக்கிறது என்ற செய்தி அப்போதுதான் வருகிறது.

வழக்கறிஞர் கண்ணோடு படித்தால் பீமாவின் செயலுக்கு, 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு நினைவுக்கு வரும். இடுகாட்டில் அத்துமீறுவது பற்றியதாக இருந்தது அது. ஒருவனது உழைப்பை ஒரே நாளில் பயனற்றதாக்கிய குவாரி மூடலுக்கு அச்சட்டத்தில் பிரிவு எதுவும் இருக்கவில்லை. சாத்தே இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. குவாரி மூடுவதையும் திறப்பதையும் கதையின் இரு முனைகளிலும் வைத்துவிட்டு நகர்கிறார்.

இக்கதையோடு நின்றுவிடும் வாசகருக்குக் கிடைப்பது தோற்றுப்போன உடல் ஒன்று மட்டுமே. தொகுதிகளுக்குள் சென்றால் வேறு மனிதர்கள் எதிர்ப்படுவர். தம் சமூகத்தின் சாதிப் பஞ்சாயத்தோடு மோதும் பர்பாத்யா கஞ்சாரி அவர்களுள் ஒருவர். சாத்தேயின் மாந்தர் பெரும்பாலும் இரங்கத்தக்கவர்கள் அல்லர். மானத்திற்காகத் திருப்பி அடிப்பவர்கள். குரல் உயர்ந்தே ஒலிக்கும், தற்செயல்கள் மிகும். அடங்கிய தொனிச் சிறுகதைகளில் பழகிய நமக்கு முதலில் இது உறுத்தலாம். கூத்து மேடையில் கடைசி வரிசைத் தொழிலாளிக்கும் கேட்கும்படி சொல்லிப் பழகியவரின் நடை அது. தனித்தனியாகப் படிக்கையில் மிகையெனத் தோன்றுவது, ஒரே தொகுதியில் நான்கைந்து கதைகளைத் தொடர்ந்து படிக்கையில் அவருக்கே உரிய அளவாகத் தெரியவரும். தொகைநூல் ஒன்றில் பிறர் கதைகளுக்கிடையே நிற்கும் ஒற்றைக் கதை இதைக் காட்டாது.

1961இல் சோவியத் நாட்டுக்குச் சென்றுவந்து பயணநூல் எழுதினார். நாவலுக்கு மாநில அரசின் பரிசும் கிடைத்திருந்தது. வறுமை நீங்கவில்லை. 1969 ஜூலை 18 அன்று, கோரேகாவின் சித்தார்த் நகரில், 49 வயது நிறைய இரண்டு வாரங்கள் இருக்கையில் மறைந்தார். 2002இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2022இல் மாஸ்கோவில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது; அது நின்ற இடம் ஒரு நூலகம்.