ரேமண்ட் சாண்ட்லர்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1888 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23 ஆம் நாள் ரேமண்ட் சாண்ட்லர் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைப் பொறியாளர்; மதுவுக்கு அடிமையாகிக் குடும்பத்தைக் கைவிட்டவர். அன்னையார் அயர்லாந்து நாட்டினர். அவர் மைந்தனுடன் இலண்டன் மாநகரை அடைந்து, உறவினர் ஆதரவில் வாழ்ந்தார். அங்கு டல்லிச் கல்லூரி என்னும் பள்ளியில் சாண்ட்லர் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். பிற்காலத்தில் அவருடைய நடை சுருக்கமும் செறிவும் பெற்றமைக்கு இக்கல்வியே அடிப்படை எனலாம். பின்னர்க் கடற்படைத் துறையில் கிடைத்த அரசுப் பணியை விரைவில் துறந்தார். கவிதையும் கட்டுரையும் எழுதினார். அவற்றால் பிழைப்பு நடக்கவில்லை.

1912 ஆம் ஆண்டில் கடன் பெற்ற பணத்தோடு அமெரிக்கா திரும்பிய அவர், பழம் பறித்தல் முதலிய சிறு வேலைகளையும் செய்தார்; கணக்கெழுதும் கலையையும் பயின்றார். முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து பிரான்சு நாட்டுப் போர்முனையைக் கண்டார். போருக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கணக்கராக அமர்ந்து, சில ஆண்டுகளிலேயே துணைத் தலைவராக உயர்ந்தார். 1924 இல் தம்மினும் பதினெட்டு ஆண்டு மூத்தவரான சிசி அம்மையாரை மணந்தார்.

செல்வம் வந்தது, கூடவே குடியும் வந்தது. தந்தையாரைக் கெடுத்த அதே பழக்கம் மைந்தரையும் பற்றியது. அலுவலகத்துக்கு ஒழுங்காக வாராமையால் 1932 இல் அவர் பதவி நீக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. நாடெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. வேறு வேலை கிடைப்பது அரிது.

மலிவான தாளில் அச்சாகி வந்த துப்பறியும் இதழ்களை அவர் வாங்கிப் படித்தார். எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய கதையொன்றின் சுருக்கத்தைக் குறித்துக்கொண்டு, அக்கதையைத் தாமே எழுதுவார், மூலத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பார், மீண்டும் எழுதுவார். துணைத் தலைவராய் விளங்கியவர் தொடக்கப்பள்ளி மாணவனைப் போல் பாடம் எழுதிப் பழகினார்! ஐந்து திங்கள் உழைத்து முடித்த முதற்கதை 1933 டிசம்பரில் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் வெளிவந்தது. அதற்குக் கிடைத்த ஊதியம் 180 டாலர்.

1939 இல் ‘தி பிக் ஸ்லீப்’ என்னும் முதல் நாவல் வெளியாயிற்று. அதில் வரும் செல்வக்குடும்பம் எண்ணெயால் பொருளீட்டியது. அக்குடும்பத்தின் பழைய எண்ணெய்க் கிணறுகளும் கதையில் இடம்பெறுகின்றன. தாம் இழந்த தொழிலையே சாண்ட்லர் கதைக்களமாக்கிக் கொண்டார். அதில் தோன்றிய துப்பறிவாளர் பிலிப் மார்லோ கையூட்டுக்கு வளையாதவர். வறுமையிலும் நேர்மை குன்றாதவர். அவரையே தலைவராகக் கொண்டு மேலும் ஆறு நாவல்கள் வெளிவந்தன. அவற்றுள் 1953 இல் வந்த ‘தி லாங் குட்பை’ எட்கர் பரிசு பெற்றது. கொலையாளி யார் என்னும் புதிரினும் நகரத்தின் ஊழலையும் மனிதர் மனத்தையும் காட்டுவதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

1954 டிசம்பரில் சிசி அம்மையார் காலமானார். அத்துயரத்தில் சாண்ட்லர் மீண்டும் மதுவில் மூழ்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 1959 மார்ச்சு 26 ஆம் நாள் மறைந்த அவர் சான் டியேகோ நகரில் அடக்கம் செய்யப்பெற்றார். துணைவியாரின் சாம்பலோ நெடுங்காலம் வேறிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அன்பர்கள் நீதிமன்றத்தின் இசைவு பெற்று, 2011 பிப்ரவரி 14 ஆம் நாள் அதனை அவருடைய கல்லறையில் சேர்த்தனர்.