எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, அதற்கு எதிராகச் செயற்படும் புற்றுநோய் மருந்துகளை உருவாக்கியது ஆகிய பணிகளுக்குத் தலைமை தாங்கினார். அம்மருந்துகளுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டு இன்று முடக்குவாதத்திற்கான முதன்மை மருந்தாகவும் விளங்குகிறது.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் (தற்போதைய ஆந்திரப் பிரதேசம்) வறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடி, வழியிலேயே பிடிபட்டுத் திரும்பினார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். பின் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். துறவு பூண விரும்பிய அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது இராமகிருஷ்ண மடத்தினரின் அறிவுரை என்பர்.

காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராலான அறுவை அங்கியை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்பீல்டின் அதிருப்திக்கு உள்ளாயிற்று. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்ததற்கு இது காரணமாகக் கூறப்படுகிறது. அரசுப் பணி கிட்டாமையால் சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

இக்காலத்தை ஒட்டி அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் இசுப்புரூ என்னும் நோயால் இறந்தனர். குடல் உணவை உறிஞ்ச இயலாமல் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் வாய்ப்புண்ணும் உண்டாகும் வெப்பமண்டல நோய் இது. சுப்பாராவும் இந்நோய்க்கு ஆளாகி மீண்டார்.

ஆர்வர்டில்

1920களின் தொடக்கத்தில், மாமனாரும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் அளித்த உதவியுடன் பாசுட்டன் சென்றார். மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக வேலைசெய்தபடியே ஆர்வர்டில் படித்தார். சைரசு பிசுக்குடன் இணைந்து 1925-இல் உடல்நீர்மங்களில் பாசுபரசை அளவிடும் முறையை வெளியிட்டார். பிசுக்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் இது இன்றும் பாடநூல்களில் உள்ளது. தசைகளுக்கு ஆற்றல் தரும் பாசுபோகிரியேட்டின், ஏடிபி ஆகியவற்றைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 1930-இல் முனைவர் பட்டம் பெற்றும் நிலையான பேராசிரியர் பதவி அளிக்கப்படவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

போலிக் அமிலமும் அதன் எதிரியும்

பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் இரத்தசோகையை ஈசுட்டுச் சாறு குணப்படுத்துவதை லூசி வில்சு என்ற ஆங்கில மருத்துவர் முன்னரே காட்டியிருந்தார். அச்சாற்றிலிருந்த சத்தே பின்னர் பசலைக் கீரையிலும் காணப்பட்டு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945-இல் சுப்பாராவின் குழு இதனைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுசென்ற இசுப்புரூவுக்கு அது மருந்தாயிற்று.

செல்கள் பிரிந்து பெருகப் போலிக் அமிலம் தேவை. ஆகவே அதைப் போல உருவங்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருள், கட்டின்றிப் பெருகும் செல்களை நிறுத்தக்கூடும். இவ்வகையில் சுப்பாராவின் ஆய்வகம் அளித்த அமினோப்டெரினை பாசுட்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-இல் தற்காலிகக் குணத்தை அறிவித்தார். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டு பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது.

மூட்டுவாதமும் வயிற்றுப்புண்ணும்

அமினோப்டெரின் முடக்குவாதத்தையும் தணிப்பதை 1951-இல் ரிச்சர்ட் கப்னர் குழுவினர் கண்டனர். கார்ட்டிசோன் புகழ்பெற்றிருந்த காலமாதலால் அது கவனிக்கப்படவில்லை. வாரம் ஒருமுறை சிறு அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு அமெரிக்க அரசு 1988-இல்தான் இப்பயனுக்காக ஒப்புதல் அளித்தது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்களில் முடக்குவாத நோயாளி ஒருவரின் மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட்டும் போலிக் அமிலமும் சேர்ந்தே இருப்பதைக் காணலாம். எதிரிகளான இரண்டையும் ஏன் சேர்த்துத் தருகின்றனர் என்று குழம்புவோர் உண்டு. வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வுச் செல்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுபவை. மெத்தோட்ரெக்சேட்டு அவற்றையும் தாக்குவதால் வாய்ப்புண், குமட்டல் ஆகியன தோன்றும். போலிக் அமிலம், பெரும்பாலும் வேறொரு நாளில் எடுக்கப்பட்டு, இவற்றைக் குறைக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டை வாரமொருமுறை என்பதை மறந்து நாள்தோறும் விழுங்குவது உயிருக்கே ஆபத்தானது.

வலிநிவாரணிகளால் வரும் இரைப்பைப் புண் இதனின்று வேறுபட்டது. அதைப் போலிக் அமிலம் தடுக்காது. டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை புரோசுட்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதாலேயே வலியும் வீக்கமும் குறைகின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். ஆனால் இரைப்பையின் உட்சவ்வை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோசுட்டாகிளாண்டின்தான். எனவே ஊசியாகப் போட்டாலும் புண் வரக்கூடும். சாப்பிட்டபின் மாத்திரை போட்டால் போதும் என்ற பரவலான நம்பிக்கை சரியன்று. முதியோர், முன்பு புண் வந்தவர்கள், இசுட்டீராய்டோ ஆசுப்பிரினோ உடன் உட்கொள்வோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. வலியே இல்லாமல் கறுப்பு மலமாக இரத்தக்கசிவு முதலில் வெளிப்படுவதும் உண்டு. இவர்களுக்கு ஒமெப்பிரசோல் வகை அமிலத்தடுப்பு மருந்தைச் சேர்த்துத் தருவதும், எலிக்கோபேக்டர் பைலோரி நுண்ணுயிர் இருந்தால் நீக்குவதும், வலிநிவாரணியைக் குறைந்த அளவில் குறுகிய காலம் மட்டும் தருவதும் வழக்கம். மெத்தோட்ரெக்சேட்டு நோயையே அடக்குவதால் வலிநிவாரணியின் தேவை குறைகிறது. சுப்பாராவின் பணி இரைப்பைக்கு உதவுவது இவ்வழியில்தான்.

பிற பணிகளும் மறைவும்

யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசின் இவருடைய ஆய்வகத்தில் உருவானது. தமிழ்நாட்டில் இந்நோய் பரவியிருந்த மாவட்டங்களில் வீடுவீடாக வழங்கப்பட்டது இம்மாத்திரையே. டெட்ராசைக்கிளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் இவர் இயக்குநராக இருந்தபோது பெஞ்சமின் டகரால் கண்டறியப்பட்டது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் தம் 53-ஆம் வயதில் மாரடைப்பால் உறக்கத்திலேயே இறந்தார். இந்தியாவை விட்டுச் சென்றபின் அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. 1919-இல் மணந்த மனைவி சேசகிரியை மீண்டும் காணவுமில்லை. இந்திய அஞ்சல்துறை அவருடைய நூற்றாண்டான 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. பூஞ்சையினம் ஒன்றுக்கு சுப்பாரோமைசிசு எனப் பெயரிடப்பட்டுள்ளது.