புத்தகம் தைத்த பையன்



போன வாரம் எங்க வீட்டு ஃபேன் ஓடாம நின்னுபோச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு சின்ன டப்பாவை மாற்றினார், உடனே சுற்றியது. அந்த டப்பாதான் கண்டென்சர், அதாவது மின்தேக்கி. அதில் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது. ஃபாரட் என்றால் என்ன என்று அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். அது ஒருவருடைய பெயரிலிருந்து வந்ததாம்!

மைக்கேல் ஃபாரடே 1791-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா கொல்லர், உடம்பு சரியில்லாதவர். ஒரு கஷ்ட காலத்தில் சிறுவனுக்கு வாரம் முழுக்க ஒரே ஒரு ரொட்டிதான். பள்ளிப்படிப்பும் கொஞ்சம்தான். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களையே படித்தார். மின்சாரம் பற்றிப் படித்துவிட்டு, கைக்காசில் சின்னக் கருவிகள் செய்து பார்த்தார்.

1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, தானே பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பினார். 1813-ல் டேவியின் உதவியாளர் ஆனார். 1831-ல் காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். 1837-ல், மின்தேக்கியின் நடுவில் காற்றுக்குப் பதில் அரக்கோ கந்தகமோ வைத்தால் அதிக மின்னூட்டம் தேங்கும் என்று கண்டார். மின்தேக்குத்திறனின் அலகுக்கு அவர் பெயர்தான்.

நம்ம உப்புப் பாத்தியை நினைச்சுக்கோங்க. விட்ட தண்ணீர்தான் மின்னூட்டம். அது நிற்கிற உயரம்தான் மின்னழுத்தம். அதே உயரத்துக்கு அகலப் பாத்தி அதிகத் தண்ணீர் பிடிக்கும். அந்த அகலம்தான் மின்தேக்குத்திறன். மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் வகுத்தால் விடை வரும். 500 மைக்ரோகூலூமை 200 வோல்ட்டால் வகுத்தால் 2.5 மைக்ரோஃபாரட். எங்க ஃபேன் டப்பாவேதான்! (கழற்றிய டப்பாவிலும் மின்சாரம் தேங்கி நிற்கும். கம்பியைத் தொடாதீங்க.)

ஃபாரடேக்குக் கணக்கு அவ்வளவாக வராது. அவர் கண்டதை மேக்ஸ்வெல் என்பவர்தான் பிறகு சமன்பாடாக எழுதினார். இதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. சர் பட்டத்தையும் வேண்டாம் என்றவர், 1867-ல் காலமானார்.

எனக்கும் இப்போ 14 வயசு. எங்க அக்கா இதே வயசில் பள்ளியை விட்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போனாள். இந்தக் கதையை ராத்திரி அவளிடம் சொன்னேன். டப்பாவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் அறிவியல் புத்தகத்தைக் கேட்டாள். இப்போ தினமும் ஒரு பக்கம் படிக்கிறோம். உங்க வீட்டிலும் அப்படி ஒரு அக்கா இருந்தால் புத்தகத்தைக் கொடுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கிளியனூர்.