சாவிக்குப் பின்னால் ஒரு மனிதர்

மனித நாகரிகத்தை முன்னே உருட்டியது சக்கரம் என்பர் அறிஞர். அந்தச் சக்கரத்தை உருளச் செய்யும் பொறியைத் தட்டி எழுப்பியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இன்று காரில் ஏறுகின்றவர் சாவியைத் திருப்புகிறார், எஞ்சின் உறுமுகிறது. இந்தச் சிறு செயலுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் சார்லஸ் பிராங்கிளின் கெட்டரிங். எடிசனையும் ஃபோர்டையும் அறிந்த அளவுக்கு நாம் இவரை அறிந்ததில்லை. ஆகவே அவர் வாழ்க்கையை, அதன் ஒளியோடும் நிழலோடும், இங்கு எழுத விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லௌடன்வில் என்னும் ஊருக்கு அருகே, ஓர் உழவர் குடும்பத்தில் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கெட்டரிங் பிறந்தார். சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைபாடு அவரை வாட்டியது. படித்தால் தலைவலி, படிக்காவிட்டால் மனவலி. பள்ளி ஆசிரியராகச் சில காலம் பணியாற்றிவிட்டு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் நோய் முற்றவே படிப்பை நிறுத்த நேர்ந்தது.

அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. தொலைபேசிக் கம்பம் நடும் கூட்டத்தில் சேர்ந்து, குழி தோண்டினார், கம்பி இழுத்தார். மின்சாரம் அவருக்குப் புத்தகத்தில் மட்டுமன்றிக் கையிலும் படிந்தது. பின்னர் மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். உடன் பயின்ற நண்பர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, இவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். 1904-ல், வயது இருபத்தெட்டை நெருங்கும்போது, மின்பொறியியல் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு வயது தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

கல்லாப்பெட்டி தந்த பாடம்

டேட்டன் நகரின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அது கடைகளுக்கான கணக்குக் கல்லாப்பெட்டிகள் செய்யும் ஆலை. அப்பெட்டியைக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. அதை மின்மோட்டாரால் இயக்க முனைந்தார் கெட்டரிங். நாள் முழுதும் ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் கல்லாப்பெட்டி ஒரு கணம்தானே சுழல வேண்டும்? ஒரு கணம் மட்டும் ஓடும் சிறு மோட்டாருக்கு அதன் அளவை மீறிய மின்னோட்டத்தைக் கொடுத்தாலும் அது சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிடும். இயற்பியல் பயிலும் நாம் மின்னோட்டத்தின் வெப்ப விளைவில் காலத்துக்கும் பங்குண்டு என்று படிக்கிறோம். அவர் அதைக் கருவியாக்கினார்.

1909-ல் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகையே அவர்களுடைய ஆய்வுக்கூடம். அங்கே உருவான மின்கலப் பற்றவைப்பு முறையைக் காடிலாக் நிறுவனம் தன் கார்களுக்கு ஏற்றுக்கொண்டது. பேட்டரி, காயில், தொடர்பைத் துண்டிக்கும் பாயின்ட், கண்டென்சர், டிஸ்டிரிபியூட்டர் ஆகியவை அதன் உறுப்புகள். மின்னோட்டம் திடீரென அறுபடும்போது காயிலின் இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. ஃபாரடேயின் தூண்டல் விதி இங்கே தீயாகிறது!

அக்காலத்தில் காரை எழுப்ப முன்புறம் நின்று ஹேண்டில் போட வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டோ தாடையோ முறியும். காடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் இதற்கு முடிவு காண விரும்பினார். எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று பலர் கையை விரித்தனர். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்தார். சில விநாடிகள் மட்டும் முழு மூச்சாக உழைக்கும் மோட்டாரைப் பொருத்தினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே பொறி ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பியது, விளக்கையும் எரித்தது. 1911-ல் சோதனை முடிந்து, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இது இடம்பெற்றது. தோள்வலிமை இல்லாதவரும் காரோட்டும் காலம் அன்று பிறந்தது. பெண்கள் பெருமளவில் காரோட்ட வந்ததில் இக்கருவிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒளியும் நிழலும்

டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸுடன் இணைந்தது. 1920 முதல் 1947 வரை அதன் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கினார் கெட்டரிங். தண்ணீருக்குப் பதிலாகச் செப்புத் தகடும் காற்றும் கொண்டு குளிரூட்டும் கார் எஞ்சின் ஒன்றை அவர் பெரிதும் நம்பினார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. சூடேறித் தகராறு செய்தது. விற்ற கார்களை நிறுவனம் அவ்வாண்டே திரும்பப் பெற்றது. மனமுடைந்த கெட்டரிங் பதவி விலக முன்வந்தார், நிறுவனம் ஏற்கவில்லை.

இதனினும் கரிய நிழல் வேறொன்று உண்டு. எஞ்சினின் இடிப்பைத் தடுக்க, அவருடைய குழுவைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்து வெற்றி கண்டார். ஈயம் நஞ்சென்பது உலகம் அன்றே அறிந்தது. 1924-ல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இப்பொருளைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தங்கலங்கி மாண்டனர். ஆயினும் விற்பனை வளர்ந்தது. அதை விற்க எழுந்த எத்தில் நிறுவனத்தின் முதல் தலைவர் கெட்டரிங்கே. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அப்புகை நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து 2000-த்தில் நீங்கியது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் அதை நிறுத்தியது. ஓர் எஞ்சினின் நோயைத் தீர்த்த மருந்து நூறாண்டு மனிதருக்கு நோயானது.

நியூயார்க்கில் 1945-ல் தோன்றிய சுலோன்–கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர் 1958 நவம்பரில் காலமானார்.

சாவியின் கதை

ஸ்டார்ட்டர் வந்தபின்னும் பற்றவைப்புக்கு ஒரு சுவிட்சு, ஸ்டார்ட்டருக்கு வேறொரு மிதியோ பித்தானோ என்றே நெடுங்காலம் இருந்தது. இரண்டையும் ஒரே சாவியில் இணைத்தது கிரைஸ்லர், ஆண்டு 1949.

விடுமுறை நாட்களில் நான் உதவிக்குச் செல்லும் பட்டறைக்குப் பழைய வண்டிகளே மிகுதியாக வரும். சாவி திரும்பவில்லை, அல்லது ஓடும்போதே கையோடு வந்துவிடுகிறது என்பார்கள். பூட்டின் உள்ளே பித்தளைத் தகடுகள் வரிசையாக உள்ளன. சாவியின் வெட்டுகள் அவற்றைச் சமமட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தகடும் தேய்கிறது, சாவியும் தேய்கிறது. தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் நகலாகும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். கிராஃபைட் பொடியே நல்லது. சாவி சுழன்றும் ஸ்டார்ட்டர் மௌனமாக இருந்தால், முகப்பு விளக்கின் ஒளியை முதலில் பார்ப்போம். ஒளி மங்கினால் பேட்டரி அல்லது அதன் முனை. மங்காவிட்டால் சோதனை விளக்கை எடுத்து, சுவிட்சு வரை வரும் மின்சாரம் சுவிட்சைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம். உள்ளே கருகிய தொடர்புத் தகடு அப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும். கனத்த சாவிக்கொத்தைத் தொங்கவிடாதீர்கள் என்று பட்டறை அண்ணன் வருவோரிடமெல்லாம் சொல்வார்.

அந்த எளிய அறிவுரையின் பெருமையை நான் ஒரு செய்தியில் கண்டேன். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், சாவி சுவிட்சுக்குள் இருந்த ஒரு சிறு வில்லின் பிடிப்புக் குறைவு. கொத்தின் எடையிலோ சாலையின் குலுக்கலிலோ சாவி தானே பின்னுக்கு நழுவும். ஓடும் எஞ்சின் அணையும். மோதலில் காற்றுப்பையும் விரியாது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. குறையை நிறுவனத்தின் பொறியாளர் பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். 2006-ல் உறுப்பை மாற்றியபோது அதன் எண்ணை மாற்றாமல் விட்டதால், எது பழையது எது புதியது என்று பிறர் அறிய இயலாமற் போயிற்று. ஓடாத காரை 1923-ல் அவ்வாண்டே திரும்பப் பெற்ற அதே நிறுவனம், உயிர் பறிக்கும் சுவிட்சுக்குப் பத்தாண்டு எடுத்துக்கொண்டது!

நிறைவாக

கெட்டரிங்கை நான் தெய்வமாக்கவில்லை, தூற்றவும் இல்லை. மணிக்கட்டு முறிந்தவனின் வலியை உணர்ந்த அதே உள்ளம், ஈயப் புகையைச் சுவாசித்தவனின் வலியை உணர மறுத்தது. முன்னதில் வலித்தவன் காரை வாங்குபவன். பின்னதில் வலித்தவன் ஆலையில் கூலிக்கு நின்றவன். இந்த வேற்றுமையை அறிவியல் பாடநூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ஆய்வுக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் செல்வோம். எங்கோ ஒரு வில் தளர்ந்திருப்பதை நம் கண்கள் முதலில் காணலாம். அன்று வாய் திறந்து சொல்வதற்கும், சொன்னதை ஏட்டில் எழுதுவதற்கும் வேண்டிய துணிவையும் சேர்த்துக் கற்போமாக. அதுவே நாம் பெறும் பட்டத்துக்குப் பெருமை.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)