வாளெடுக்காமல் மாண்ட பெண்டஹாரா துன் முத்தாஹிர்



மலாக்கா பட்டணத்துக்குச் சரக்கெடுக்க வரும் நம்மவர்கள், லுஹர் நேரமானால் கம்போங் கிலிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செல்வது வழக்கம். 1748ல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளி அது. அங்கிருந்து ஆற்றைக் கடந்து சற்று நடந்தால் ஒரு குன்று வரும். மலாக்கா சுல்தான்களின் அரண்மனை அந்தக் குன்றின் பக்கத்தில்தான் இருந்தது. அந்த அரண்மனையின் கட்டளையால், தமிழ் முஸ்லிம் வழிவந்த ஒரு பெரிய மனிதர், தம் சொந்தச் சகோதரி மகனின் ஆணைக்குப் பலியாகி மவ்த்தானார். அவர்தாம் பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா துன் முத்தாஹிர். அவருடைய சரித்திரத்தை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியாகப் படிக்கிறார்கள். கடை வைத்துப் பிழைக்கும் நாம் அதை முழுவதும் அறிந்திருக்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

கலிங்க நாடு என்று மலாய் வரலாற்று ஏடு குறிப்பிடும் நம் இந்தியக் கரையிலிருந்து மணி புரிந்தாம் என்பவர் கப்பலேறி மலாக்கா வந்து சேர்ந்தார். அவரைத் தமிழ் முஸ்லிம் என்றே ஆராய்ச்சியாளர் பலரும் கொள்கின்றனர். அவர் இங்கே பெருங்குடியில் பெண்ணெடுத்தார். அவர் மகள் துன் வாத்தி சுல்தான் முஹம்மது ஷாவை மணந்தார். அவர் மகன் துன் அலி, ஸ்ரீ நாரா டிராஜா என்னும் பட்டம் பெற்றார். துன் அலியின் மகனே துன் முத்தாஹிர். துன் முத்தாஹிரின் உடன்பிறந்தவர் துன் செனாஜா சுல்தான் அலாவுத்தீன் ரிஆயத் ஷாவுக்கு வாழ்க்கைப்பட்டு சுல்தான் மஹ்மூதைப் பெற்றார். ஆகவே சுல்தான் மஹ்மூதுக்குத் துன் முத்தாஹிர் தாய்மாமன் ஆகிறார். தாய்மாமன் உறவு எத்தகையது என்று தமிழ் பேசும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துன் முத்தாஹிர் முதலில் தெமெங்கோங் பதவியில் இருந்து ஊர்க் காவலை நடத்தினார். 1500ம் ஆண்டில் பெண்டஹாரா, அதாவது முதல் மந்திரி ஆனார். அவர் பதவியில் இருந்த பத்தாண்டும் மலாக்காவின் செழிப்பான காலம். குஜராத்தியர், தமிழர், ஜாவாக்காரர், சீனர், அரபியர் எல்லாரும் இங்கே வந்து கொண்டும் கொடுத்தும் போனார்கள். நம் தமிழ் வணிகர்களுக்கு அப்போது பெரிய செல்வாக்கு இருந்தது.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். செல்வத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று ஆடை மாற்றி மாற்றி உடுத்தி, எது பொருந்துகிறது என்று மனைவியைக் கேட்பாராம். வழக்காடுவோர் கொண்டு வரும் பொன்னையும் அவர் மறுக்கவில்லை. தம் மகள் துன் பாத்திமா மிகுந்த அழகுடையவர் என்பதை அறிந்திருந்தும், அரச வழக்கப்படி சுல்தானுக்குத் தெரிவிக்காமல் துன் அலி என்பவருக்கு மணமுடித்து வைத்தார். கல்யாணத்துக்கு வந்த சுல்தான் பெண்ணைப் பார்த்த அன்றே, மாமன் தமக்கு மறைத்துவிட்டார் என்று மனத்தில் வர்மம் வைத்துக்கொண்டார்.

1509ல் பறங்கியரின் கப்பல்கள் முதன்முறையாக மலாக்காத் துறைமுகத்தில் வந்து நின்றன. இவர்கள் இந்தியக் கரையில் செய்த கொடுமைகளை அறிந்த முஸ்லிம் வணிகர்கள் பெண்டஹாராவை எச்சரித்தனர். பறங்கியரில் ஏறக்குறைய இருபது பேர் பிடிபட்டுச் சிறைப்பட்டார்கள். மற்றவர்கள் தப்பி ஓடினார்கள். அவர்கள் திரும்பி வருவார்கள் என்பது தெரிந்த காரியம். ஊர் ஒற்றுமையாக இருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் தீப்பிடித்தது.

நைனா சூரா தேவனா என்பவர் மலாக்கா வணிகர்களின் தலைவர். ராஜா முதலியார் துறைமுக அதிகாரியான ஷாபந்தர். பெயரிலேயே தெரிகிறது, இருவரும் தமிழ்க் கரையைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குள் ஒரு வழக்கு எழுந்து பெண்டஹாராவிடம் தீர்ப்புக்கு வந்தது. அன்றிரவு நைனா சூரா தேவனா பத்துக் கட்டி பொன்னைப் பெண்டஹாராவிடம் கொண்டு போய்க் கொடுத்தார். நைனாவுக்கு உறவினன் கித்துல் என்று ஒருவன். அவன் ராஜா முதலியாருக்கு ஒரு கட்டி பொன் கடன்பட்டிருந்தான். நடுச்சாமத்தில் முதலியார் வீட்டுக் கதவைத் தட்டி, பொன் கைமாறியதையும், பெண்டஹாரா முதலியாரைக் கொல்ல எண்ணியிருப்பதாகவும் சொன்னான். அவன் கடன் அங்கேயே ரத்தாயிற்று. சொந்த உறவினனை ஒரு கட்டி பொன்னுக்கு விற்றுவிட்டு வந்தான் அந்த மனிதன்.

பயந்த முதலியார் தம் பொன்னையும் மணியையும் வாரிக்கொண்டு கடற்படைத் தலைவரான லக்ஸமணா கோஜா ஹஸனிடம் ஓடினார். பெண்டஹாரா ராஜத் துரோகம் செய்யப் போகிறார், அரியணையில் ஏறத் திட்டமிடுகிறார் என்று கோள் சொன்னார். லக்ஸமணா அதை அப்படியே சுல்தானிடம் சேர்த்தார். ஏற்கெனவே வர்மம் கொண்டிருந்த சுல்தான் ஒரு சாட்சியைக் கூட அழைத்து விசாரிக்கவில்லை. பெண்டஹாராவை ஒழித்து வருமாறு துன் சூரா டிராஜா, துன் இந்திரா செகாரா என்னும் இருவரை ஆட்களுடன் அனுப்பினார். இது நடந்தது 1510ல்.

அவர்கள் வெள்ளித் தட்டில் அரசரின் கிரிஸை வைத்து மூடி எடுத்து வந்தார்கள். அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். பெண்டஹாராவின் மக்களும் மருமக்களும் ஏவலாளரும் ஆயுதங்களுடன் வீட்டில் திரண்டுவிட்டனர். மகன் துன் ஹஸன் தெமெங்கோங் வீரர். எதிர்த்துப் போரிட வேண்டும் என்று துடித்தார். அந்த வீட்டு ஆள்பலம் சிறியதன்று. போரிட்டிருந்தால் மலாக்கா இரண்டாகப் பிளந்து தெருவெல்லாம் இரத்தம் ஓடியிருக்கும்.

துன் முத்தாஹிர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அரசருக்கு எதிராக ஆயுதம் எடுப்பது தம் முன்னோர் வழியும் அன்று, தம் வழியும் அன்று என்று மகனைத் தடுத்தார். மகன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். பெண்டஹாராவும், அவர் சகோதரரும், மகனும், துன் பாத்திமாவின் கணவரும், இன்னும் பலரும் அன்று கொல்லப்பட்டனர். அந்தக் குடும்பத்தின் சிறு பிள்ளை துன் ஹம்ஸா வெட்டுக் காயத்துடன் உயிர் பிழைத்தார்.

இதை அரச விசுவாசம் என்று மட்டும் சொல்லி மலாய் ஏடு முடிக்கிறது. ஓதிய அளவில் நமக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. ஹிஜ்ரி 35ல் மதீனாவில் கலீபா உஸ்மான் (ரலி) அவர்களின் வீட்டைக் கலகக்காரர்கள் சூழ்ந்தபோது, காக்க வந்த ஸஹாபாக்களைத் தமக்காக இரத்தம் சிந்த வேண்டாம் என்று தடுத்தார்கள் அல்லவா? உஸ்மான் நாயகத்தின் அந்தஸ்துக்கு முன் பெண்டஹாரா எம்மாத்திரம்! ஆனால் அவர்கள் காட்டிய பாதையில் ஓர் அடியாவது வைத்தார் என்று நாம் சொல்லலாம். சொந்த மருமகன் அநீதி செய்தான் என்பதற்காகத் தாமும் அநீதியில் இறங்கவில்லை. தீர்ப்பை ரப்புல் ஆலமீனிடம் விட்டுவிட்டார். வாழ்நாளில் பொன்மீது வைத்த ஆசையை அவர் அடக்கவில்லை. சாகும் நேரத்தில் கோபத்தை அடக்கினார். இரண்டையும் சேர்த்தே நாம் படிப்பினை பெற வேண்டும்.

தீர்ப்பும் தாமதிக்கவில்லை. பெண்டஹாராவிடம் துரோகம் ஏதுமில்லை என்று சுல்தான் பின்னர் அறிந்து வருந்தினார். ராஜா முதலியாரும் கித்துலும் கொல்லப்பட்டனர். லக்ஸமணா பதவியையும் சொத்தையும் இழந்தார். சுல்தான் துன் பாத்திமாவை மணந்துகொண்டார். ஆனால் அந்த அம்மையார் சிரித்ததை ஒருவரும் கண்டதில்லை என்று ஏடு கூறுகிறது. 1511 ஆகஸ்டில் பறங்கித் தளபதி அல்புகர்க் வந்து மலாக்காவைப் பிடித்தான். ஊரை அறிந்து நடத்திய மந்திரி அப்போது இல்லை. பள்ளிவாசல் கல்லும் அரசர் கபுறுக் கல்லும் பறங்கியர் கோட்டைக்குச் சுவராயின. நாடிழந்த சுல்தான் மஹ்மூது 1528ல் சுமத்ராவின் கம்பாரில் மவ்த்தானார். துன் பாத்திமாவின் மகனோ ஜொகூரில் சுல்தான் ஆனார். எந்தக் குடும்பத்தை வேரோடு அழிக்க எண்ணினார்களோ, அந்தக் குடும்பத்துப் பேரனுக்கே அல்லாஹ் அரசைக் கொடுத்தான்.

சகோதரர்களே! ஒரு பெரிய துறைமுகம் ஒரு கட்டி பொன் கடனில் ஆட்டங்கண்டது. நமக்கும் இது புதிதன்று. சில வருடங்களுக்கு முன் ஒருவர் கடை அடைக்கும் நேரத்தில் வந்து, நம் உறவினர் ஒருவர் தோட்டத்து வாடிக்கைகளை நம்மிடமிருந்து இழுக்கிறார் என்று சொன்னார். நாம் விசாரிக்கவில்லை, நம்பினோம். ஒன்பது மாதம் அந்த உறவினருக்கு ஸலாம் சொல்லவில்லை. ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்க நேர்ந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சொன்னவருக்கு நம் கடையில் பற்று பாக்கி இருந்தது. அதை நாம் கேட்காமல் விட்டிருந்தோம். உண்மை தெரிந்து உறவினர் வீட்டுக்குப் போனபோது, அவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செய்தி கொண்டு வருபவனைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜ்ராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அண்ணன்மார்கள் கிணற்றில் தள்ளிய யூஸுப் (அலை) அவர்கள், அதிகாரம் கையில் வந்த நாளில் பழிவாங்காமல் மன்னித்த சரித்திரமும் குர்ஆனில் இருக்கிறது. பங்காளி ஏமாற்றினான், தம்பி கடையைப் பிரித்துக்கொண்டான், மச்சான் முதலைத் தின்றான் என்று நம்மில் எத்தனையோ பேர் புண்பட்டிருக்கிறோம். நம் உரிமையைப் பெரியவர்கள் முன்னிலையிலும் சட்டப்படியும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் அவன் செய்த துரோகத்துக்குப் பதிலாக நாமும் பொய்க் கணக்கு எழுதினால், பொய்ச்சாட்சி சொன்னால், நஷ்டமடைவது நம் ஈமான். போன முதலை வல்ல நாயன் நாடினால் திரும்பத் தேடிக்கொள்ளலாம்.

அடுத்த முறை மலாக்காவுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஆற்றங்கரையில் சற்று நின்று அந்த மனிதருக்காக ஒரு பாத்திஹா ஓதுவோம். உறவுகளைக் காக்கவும், கோள் கேளாதிருக்கவும், துன்பத்தில் ஸபுர் செய்யவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.