வாதாடிய நீதிமன்றத்திலேயே தண்டனை பெற்ற வழக்கறிஞர் காந்தி

தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தி நடத்திய சிறிய வழக்கறிஞர் அலுவலகமே, அவரது சத்தியாகிரகத்துக்குத் தொடக்கத்தில் பொருளும் துணைவர்களும் தந்த இடமாக விளங்கியது.

லண்டனில் சட்டம் பயின்று 1891-இல் நாடு திரும்பிய அவருக்கு மும்பையில் தொழில் அமையவில்லை. 1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். உறவினர்களுக்கு இடையிலான அவ்வழக்கு மத்தியஸ்தர் மூலம் முடிவதற்கு வழிவகுத்தார். தோற்றவர் திவாலாகாதபடி, தவணை முறையில் பணம் பெறவும் தம் கட்சிக்காரரை இணங்கச் செய்தார். அதன்பின் சமரசமே அவரது தொழில் நெறியாயிற்று.

1894-இல் வழக்கறிஞர் சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி நேட்டால் உச்ச நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தது. முதலாளியால் பற்கள் உடையத் தாக்கப்பட்ட தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்தை அவர் வேறொருவரிடம் பணிக்கு மாற்றினார்.

1903-இல் ஜோகன்னஸ்பர்கின் ரிஸிக், ஆண்டர்சன் தெருக்கள் சந்திக்கும் முனையில் அலுவலகம் திறந்தார். ஹென்றி போலக் அங்கு பயிற்சி பெற்று வழக்கறிஞரானார். செயலாளர் சோன்யா ஷ்லேசினையும் பயிற்சியில் சேர்க்க காந்தி முயன்றார். பெண் என்பதால் 1909-இல் அனுமதி மறுக்கப்பட்டது. தொடக்கத்தில் தமிழிலும் வெளியான 'இந்தியன் ஒப்பீனியன்' இதழுக்குத் தம் சேமிப்பைச் செலவிட்டார்.

ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்த காந்தி, 1908 ஜனவரி 10 அன்று தாம் வாதாடிய நீதிமன்றத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நின்று, 2 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் தொழிலைப் படிப்படியாகக் கைவிட்டார்.

ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டதால் 1922-இல் லண்டன் இன்னர் டெம்பிள் அவரது பெயரை நீக்கியது. 1988-இல், அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் சேர்த்தது.